தோள் கொடுத்த சொல்: தமிழ்ப் புலவர் வரலாற்றில் உடற்குறையும் உள்ளத்திண்மையும்

வீராணம் ஏரியின் கரையில் அமைந்த ஊர் லால்பேட்டை. பராந்தக சோழன் காலத்தில் எழுந்த அப்பேரேரியைச் சுற்றியுள்ள நிலம் நெல்லுக்கு மட்டுமன்றி நினைவாற்றலுக்கும் பெயர் பெற்றது. அண்மையிலுள்ள காட்டுமன்னார்கோயிலில் தோன்றிய நாதமுனிகள், வழக்கொழிந்து போன ஆழ்வார் பாசுரங்களைத் தேடித் திரட்டி நாலாயிரமாக வகுத்தார். அதே வட்டாரத்துத் திருநாரையூரில் பிறந்த நம்பியாண்டார் நம்பி, தேவாரத் திருமுறைகளை வகுத்தார். இருவர் பணியிலும் ஏட்டுக்கு நிகராகச் செவியும் நெஞ்சும் பங்கு கொண்டன. லால்பேட்டை மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் பேணும் அரபுக் கல்வி மரபிலும், திருக்குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் ஏற்றியவர்கள் 'ஹாபிழ்' எனப் போற்றப்படுகின்றனர். கண்ணால் படிப்பதற்கு முன்னரே காதால் கற்ற நாகரிகம் இது.

இவ்வட்டாரத்துத் தலைமைத் திருத்தலமாகிய தில்லையின்மீது பாடப்பெற்ற நூல்களுள் ஒன்று தில்லைக் கலம்பகம். அதனைப் பாடியவர் ஒருவரல்லர், இருவர். ஒருவர் நடக்க இயலாதவர். மற்றவர் பார்க்க இயலாதவர். இலக்கிய உலகம் அவர்களை 'இரட்டைப் புலவர்' என்றும் 'இரட்டையர்' என்றும் வழங்கும். அவர்தம் வாழ்வு, உடல் இடர்ப்பாட்டை உள்ளத்திண்மையால் வென்றதற்கு எடுத்துக்காட்டாக மேடைதோறும் கூறப்படுகிறது. அந்த வெற்றி எவ்வாறு நிகழ்ந்தது, அதற்கு மொழி செய்த உதவி யாது, சமுதாயம் செய்த உதவி யாது என்னும் வினாக்கள் மட்டும் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்க காலத்துச் சான்று

தமிழ்ப் புலவர் வரலாற்றில் உடற்குறை என்பது இரட்டையரோடு தொடங்கியதன்று. சங்கப் புலவர் பெயர்களிலேயே அது பதிவாகியுள்ளது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஐயூர் முடவனார் ஆகிய இருவர் பெயரும் அவர்தம் உடல் நிலையைச் சுட்டுகின்றன. பெயரில் குறை நின்றதேயன்றிப் பாட்டில் அது நிற்கவில்லை. ஆய் அண்டிரனின் கொடையைப் பாடிய முடமோசியார், இப்பிறப்பில் கொடுத்தால் மறுபிறப்பில் பயன் கிட்டும் எனக் கணக்கிடும் அறவிலை வணிகன் அல்லன் அவன் என்றார். பயன் கருதாத ஈகைக்குத் தமிழில் கூறப்பெற்ற மிகக் கூரிய விளக்கங்களுள் ஒன்றை வழங்கியவர், நடத்தற்கு இடர்ப்பட்ட ஒரு புலவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஐயூர் முடவனாரின் புறப்பாடல் ஒன்று (399) இன்னும் நுட்பமானது. தாமான் தோன்றிக்கோனிடம் சென்ற அவர், தாம் வேண்டி வந்தது ஒரு பகடே என்றார். வண்டி இழுக்க ஒரு காளை. வள்ளலோ விண்மீன்கள் பூத்தாற் போன்ற ஆனிரையை ஊர்தியோடு அளித்தான். இங்குப் புலவர் இரக்கத்தைக் கேட்கவில்லை, ஊர்தியைக் கேட்டார். தம் உள்ளத்துக்குக் குறைவில்லை, செல்வதற்கு ஒரு வழியே தேவை என்னும் தெளிவு அவ்வேண்டுகோளில் உள்ளது. இன்று சக்கர நாற்காலியும் சாய்தளமும் வேண்டுவோரின் குரலுக்கும் அவ்வேண்டுகோளுக்கும் வேறுபாடு மிகுதியில்லை.

ஆயினும் அக்காலத்தை முற்றும் பொற்காலமெனக் கொள்ளுதல் பிழையாகும். அதே புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளிக்கு உரைத்த பாடல் (28), பார்வையற்றோர், கூனர், குறளர், பேச்சற்றோர், செவிப்புலனற்றோர் உள்ளிட்ட எண்வகையினரைப் பயனற்ற பிறப்பென ஒதுக்கிப் பேசுகிறது. ஒரு தொகை நூலுக்குள்ளேயே உடற்குறையுடையார் இருவர் மதிக்கத்தக்க புலவராக வீற்றிருக்க, உடற்குறையே இழிவெனக் கருதும் கூற்றும் இடம்பெற்றுள்ளது. சமுதாயம் இரண்டு குரலிலும் பேசியது. அத்தகைய சமுதாயத்தில் ஒருவர் புலவராகத் தலைநிமிர்வதற்குப் புலமை மட்டும் போதாது. இகழ்ச்சியைச் செவியேற்று அதனைக் கடக்கும் உரனும் வேண்டியிருந்தது.

வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறி இல்லாமை யார்க்கும் பழியாகாது, அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்னும் கருத்தை வைத்தார் (618). பரிமேலழகர் ஈண்டுப் 'பொறி' என்பதற்கு விதி எனப் பொருள் கொண்டார். ஆயினும் வள்ளுவரே கடவுள் வாழ்த்தில் அச்சொல்லைப் புலனுறுப்பு என்னும் பொருளில் ஆண்டுள்ளார். அப்பொருளை இங்கும் பொருத்திப் படிப்பின், உடற்குறை பழியன்று என்னும் அறம் தெளிவாகப் புலப்படும்.

இரட்டையர் வரலாறு

இளஞ்சூரியர், முதுசூரியர் என்பன இரட்டையர் பெயர்கள் என்பர். அத்தை மகனும் அம்மான் மகனுமாகிய இருவரும் செங்குந்தர் மரபினர் என்றும், இளஞ்சூரியர் கால் முடம்பட்டவர், முதுசூரியர் கண்பார்வையற்றவர் என்றும் புலவர் வரலாறுகள் கூறும். பார்வையற்றவர் நடக்க இயலாதவரைத் தோளில் சுமக்க, தோள்மேல் இருந்தவர் வழிகாட்ட, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பது செவிவழிச் செய்தி. ஒரு வெண்பாவின் முன்னிரண்டு அடிகளை ஒருவர் பாட, பின்னிரண்டு அடிகளை மற்றவர் முடிப்பார் என்பதும் அவ்வாறே வழங்குவதாகும்.

தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா ஆகியன அவர்கள் பெயரால் நிலவும் நூல்கள். ஏகாம்பரநாதர் உலாவில் சம்புவராயர் பற்றிய குறிப்பு வருதலானும், வில்லிபுத்தூராரைப் புரந்த வரபதியாட்கொண்டானோடு இவர்களும் தொடர்புபடுத்தப்படுதலானும் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இவர்தம் காலத்தை அறிஞர் அமைப்பர்.

அவர்களைப் பற்றிய கதைகளுள் மதுரைப் பொற்றாமரைக் கதை பலரும் அறிந்தது. பார்வையற்றவர் குளத்தில் துணி துவைத்துக் கொண்டிருந்தபோது துணி கைநழுவி நீரோடு போயிற்று. படியில் அமர்ந்திருந்தவர் அதனைக் கண்டு வெண்பாவின் முற்பாதியைத் தொடுத்தார். 'தப்புதல்' என்னும் சொல்லுக்குத் துணியை அடித்துத் துவைத்தல், தப்பியோடுதல் என இரு பொருள் உண்டு. நாம் அதனைத் தப்பினால் அது நம்மைத் தப்பாதோ என்பது அவர் நகை. துணியை இழந்தவர் பிற்பாதியை முடித்தார். கலிங்கம் என்பது ஆடையின் பெயர். அக்கலிங்கம் போனால் என்ன, சொக்கலிங்கம் துணையிருக்கிறதே என்பது அவர் விடை.

மாற்றுடை இல்லாத ஏழைப் புலவருக்கு ஒரு துணி நீரோடு போவது சிறு இழப்பன்று. தேடி எடுக்கக் கண்ணும் இல்லை; ஓடி எடுக்கக் கால் உடையவரும் அருகில் இல்லை. அந்நிலையில் புலம்பல் எழவில்லை, பாட்டு எழுந்தது. உள்ளத்திண்மை என்பது பல்லைக் கடித்துத் துன்பம் தாங்குதல் மட்டுமன்று. இழந்த பொருளைச் சொல்லாக மாற்றிக்கொள்ளும் நகையுணர்வும் அதன் ஒரு கூறே. இக்கதை வரலாறாக நிகழ்ந்ததோ இல்லையோ, தமிழ் மக்கள் இரட்டையரை எவ்வாறு நினைவில் வைத்தனர் என்பதற்கு அது சான்று. அழுகின்றவர்களாக அன்று, நகைக்கின்றவர்களாக.

யாப்பு தந்த ஊன்றுகோல்

ஏட்டைக் காண இயலாத ஒருவர், மற்றொருவருடன் இணைந்து நூறு செய்யுள் கொண்ட நூலை எவ்வாறு இயற்ற இயலும்? இதற்கு விடை தமிழ் யாப்பிலேயே உள்ளது.

நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடி இறுதியில் தனிச்சொல் நிற்கும். முன்னிரண்டு அடிகளும் ஓர் எதுகை பெற, தனிச்சொல்லும் அவ்வெதுகையிலேயே வரும். அதன்பின் எதுகை மாறலாம். இதனையே இருவிகற்பம் என்பர். ஆகவே வெண்பாவின் நடுவில் இயல்பாகவே ஒரு மூட்டுவாய் அமைந்துள்ளது. ஒருவர் நிறுத்தற்கும் மற்றவர் தொடர்தற்கும் ஏற்ற இடம் அது. பொற்றாமரை வெண்பாவில் நகை முற்பாதியிலும் விடை பிற்பாதியிலும் அமைந்ததும், எதுகை அவ்விடத்தில் மாறுவதும் தற்செயலல்ல. இருவர் பாடுதற்கென்றே அமைந்தது போல அச்செய்யுள் நிற்கிறது.

கலம்பகமோ இன்னும் பெரிய அளவில் அவ்வுதவியைச் செய்கிறது. வெண்பா, கலித்துறை, விருத்தம் எனப் பலவகைப் பாவும் பாவினமும் அம்மானை, ஊசல், மறம், தழை, தவம், வண்டு முதலிய பலவகை உறுப்பும் கலந்து வருதலால் அது கலம்பகம் எனப்பட்டது. கடவுளர்மீது பாடப்படுவது நூறு செய்யுள் கொள்ளும் என்பது பாட்டியல் மரபு. இப்பன்மைக்குள் ஓர் ஒருமையும் உண்டு. அது அந்தாதித் தொடை. ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாகும். ஏட்டைப் பார்த்து வரிசை அறிய வேண்டுவதில்லை. முடிந்த சொல்லே தொடங்கும் சொல்லை எடுத்துத் தரும். இருளில் கயிற்றைப் பற்றிச் செல்வோனுக்குக் கயிறு உதவுவது போல, பார்வையற்ற புலவருக்கு அந்தாதி உதவியிருக்க வேண்டும்.

எந்தப் புலவர் எந்த வகைச் செய்யுளில் வல்லவர் என வகுத்துக் கூறும் பிற்காலப் பாடல் ஒன்று, வெண்பாவைப் புகழேந்திக்கும் பரணியைச் சயங்கொண்டாருக்கும் வசையைக் காளமேகத்துக்கும் உரிமையாக்கி, கலம்பகத்தை இரட்டையருக்கு வழங்குகிறது. அவ்வரிசையில் அவர்கள் இடம்பெற்றது உடற்குறை கண்ட இரக்கத்தால் அன்று. அவ்வகையில் அவர்களுக்கு நிகரில்லை என்னும் மதிப்பீட்டால். புலவர்க்குப் புலவுலகம் அளிக்கத்தக்க நேர்மையான மரியாதை இதுவே.

பார்வையற்ற இரு பெருங்கவிகள்

இரட்டையர்க்குப் பின் 17ஆம் நூற்றாண்டில் தொண்டை நாட்டில் விளங்கியவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். பிறவியிலேயே பார்வையற்றவர். முதுகில் எழுத்துகளை எழுதிக் காட்டக் கற்றார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. கண்ணின் வேலையைத் தோல் செய்தது என்னும் இச்செய்தி மெய்யாயின், தொட்டுணர்ந்து எழுத்தறியும் முறையைத் தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவர்க்காகத் தாமே கண்டார் எனலாம். பிரான்சு நாட்டு லூயி பிரெயில் புள்ளி எழுத்து முறையை அமைத்தது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். 1829இல் அது நூல்வடிவில் வெளிவந்தது.

சந்திரவாணன் கோவை, சேயூர்க் கலம்பகம், திருக்கழுக்குன்றப் புராணம், திருவாரூர் உலா ஆகியன அந்தகக்கவியின் படைப்புகள். ஈழம் சென்று பரராசசேகரன் அவையில் பாடிப் பரிசில் பெற்றார் என்றும் கூறுவர். யானைப் பரிசில் பெற்று வீடு திரும்பிய பாணனுக்கும் அவன் பாணிக்கும் நிகழும் உரையாடலாக அவர் பாடிய தனிப்பாடல் புகழ்பெற்றது. என்ன கொண்டுவந்தாய் என மனைவி வினவ, யானையின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கணவன் கூறுகிறான். களபம் என்றால் சந்தனக் கலவை எனவும், மாதங்கம் என்றால் மிகுந்த பொன் எனவும், வேழம் என்றால் கரும்பு எனவும், பகடு என்றால் உழும் எருது எனவும், கம்பமா என்றால் கம்பு மாவு எனவும் அவள் பொருள் கொண்டு மகிழ்கிறாள். இறுதியில் கைம்மா என்றதும் கலங்குகிறாள். வறுமைப்பட்ட குடிலுக்கு யானையால் பயன் என்ன? நகையின் உள்ளே பசி நிற்கிறது. யானையைக் கண்ணால் கண்டிராத புலவர், அதன் பெயர்களை மட்டும் கொண்டு யானையையும் வறுமையையும் ஒருங்கே காட்டினார்.

மூன்றாமவர் பழனியைச் சார்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836-1884). மூன்றாம் வயதில் அம்மை நோயால் பார்வையை இழந்தவர். கேள்வியாலேயே இலக்கண இலக்கியங்களைக் கற்றுக் கவிச்சிங்கம் எனப் பட்டம் பெற்றார். அவரைப் போற்றியவர்களுள் முதன்மையானவர் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர். இங்கு வரலாற்றின் ஓர் அரிய இயைபு காணப்படுகிறது. சந்திரசேகர கவிராச பண்டிதரைக் கொண்டு தனிப்பாடல் திரட்டைத் தொகுப்பித்தவரும் அதே பொன்னுசாமித் தேவரே. இரட்டையர், அந்தகக்கவி போன்றோரின் தனிப்பாடல்கள் அழியாது காக்கப்பட்டது அத்தகைய தொகுப்புகளால். மறைந்துபோன பார்வையற்ற புலவர்களின் பாட்டுக்கும், தம் காலத்தில் வாழ்ந்த பார்வையற்ற புலவரின் வாழ்வுக்கும் ஒரே கை துணை நின்றது.

பிற நாட்டு இலக்கியமும் இதற்கு இணையான சான்றுகளைத் தரும். அரபு மொழியின் பெருங்கவிஞர் அபுல் அலா அல் மஅர்ரி (973-1057), மாம்பழக் கவிச்சிங்கத்தைப் போலவே குழந்தைப் பருவத்தில் அம்மை நோயால் பார்வையிழந்து, நினைவாற்றலால் புகழ் பெற்றவர். ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1652ஆம் ஆண்டளவில் முற்றும் பார்வையிழந்தபின், தாம் சொல்லப் பிறர் எழுத 'இழந்த சொர்க்கம்' காப்பியத்தை இயற்றினார். அது 1667இல் வெளிவந்தது. சிரியாவாயினும் இலண்டனாயினும் பழனியாயினும், சொல்பவர் ஒருவர் இருந்த இடத்தில் கேட்டு எழுதுபவர் ஒருவரும் இருந்தார்.

உள்ளத்திண்மையின் மறுபுறம்

இவ்வரலாறுகள் உணர்த்தும் உண்மை யாது? உள்ளத்திண்மை இன்றி இவர்களுள் எவரும் புலவராகியிருக்க இயலாது. இதில் ஐயமில்லை. முதுகில் எழுதிய எழுத்தை உணர்ந்து உணர்ந்து மொழியை வசப்படுத்துதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும்! ஒருவரைத் தோளில் சுமந்து ஊர்தோறும் நடத்தற்கு எத்துணை உரன் வேண்டும்!

எனினும் உள்ளத்திண்மை ஒன்றே போதும் எனக் கூறுவது வரலாற்றுக்கும் மாறு, அறத்துக்கும் மாறு. முடவனார்க்குத் தாமான் தோன்றிக்கோனின் ஊர்தி இருந்தது. இளஞ்சூரியர்க்கு முதுசூரியரின் தோள் இருந்தது. முதுசூரியர்க்கு இளஞ்சூரியரின் கண் இருந்தது. அந்தகக்கவிக்கு முதுகில் எழுதிய விரல் இருந்தது. கவிச்சிங்கத்துக்கு நூலைப் படித்துக் காட்டிய குரல்கள் இருந்தன. அத்தகைய தோளும் விரலும் குரலும் கிட்டாமல், நெஞ்சில் எழுந்த பாட்டு நெஞ்சிலேயே அடங்கிப்போனவர் எத்தனை பேர் என்பதை எந்தப் புலவர் வரலாறும் கூறுவதில்லை. குறிப்பாகப் பெண்களுள் இத்தகையோர் ஒருவர் பெயரேனும் இவ்வரிசையில் இடம்பெறாமை சிந்திக்கத்தக்கது. உறுதி அவர்களுக்கு இல்லாமற் போயிற்று எனக் கூறுதல் தகுமா? தோள் கிட்டாமற் போயிற்று என்பதே பொருந்தும்.

வென்றவர் வரலாற்றை எடுத்துரைத்து, வெல்லாதவரை முயற்சியற்றவர் எனக் கருதும் வழக்கம் இங்குதான் பிழைபடுகிறது. இந்திய நாடாளுமன்றம் 1995இலும் பின்னர் விரிவாக 2016இலும் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டங்களின் அடிப்படைக் கருத்தும் இதுவே: தடை உடலில் மட்டும் இல்லை, படிக்கட்டிலும் பாடநூலிலும் பிறர் பார்வையிலும் உள்ளது. தமிழகத்தில் 2010ஆம் ஆண்டளவில் 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லுக்கு மாற்றாக 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் அரசு வழக்கில் இடம்பெற்றது. சொல்லை மாற்றுதல் ஒரு தொடக்கம். அச்சொல்லுக்குரிய இடத்தை அவையில் அமைத்துத் தருதல் அதன் நிறைவு.

கவியரங்குகள் நிகழும் ஊர்களில் இதனை எளிதில் எண்ணிப் பார்க்கலாம். மேடைக்கு ஏறும் படிகள் எத்தனை? ஏற இயலாத கவிஞர் எங்கிருந்து பாடுவார்? அச்சிட்ட தொகுப்பைப் படிக்க இயலாதவர்க்கு அதனைப் படித்துக் காட்டுவோர் யார்? பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டம், தன் அடுத்த பத்தாண்டுக்கு இவ்வினாக்களை எடுத்துச் செல்லுமாயின், அது இரட்டையர் நினைவுக்குச் செய்யும் உண்மையான சிறப்பாகும்.

இரட்டையர் பற்றி வழங்கும் கதைகளுள் இறுதியானது காளமேகத்தைப் பற்றியது. அவரைக் காணும் விருப்போடு அவர்கள் சென்றபோது, காளமேகம் மறைந்து, ஈமத்தீ எரிந்து கொண்டிருந்ததாம். காண வந்தவரைக் காண இயலாத அந்நிலையில், சுடுகாட்டிலேயே நின்று இரங்கற்பா பாடினர் என்பர். காலக் கணக்கு இக்கதைக்கு இடந்தருமா என்பது ஆய்வுக்குரியது. ஆனால் கதையைக் கட்டிய மக்களின் நெஞ்சு தெளிவானது. ஒருவர் பாடி நிறுத்திய இடத்தில் மற்றொருவர் பாடி முடிப்பதே புலமை மரபு என அந்நெஞ்சு நம்பியது.

தில்லைக் கலம்பகத்தில் எந்த அடி எவருடையது எனப் பிரித்தறிய இன்று எவராலும் இயலாது. பார்த்தவர் சொன்னது எது, பாராதவர் சொன்னது எது என்பதற்கு நூலில் தடமில்லை. சுமந்தவரும் சுமக்கப்பட்டவரும் ஒரே பாட்டாகி நிற்கின்றனர்.